கெப்போங்கில் ஒரு கற்பூர மரம்

கெப்போங் வனப்பூங்காவைப் பழைய காடு என்று நம்பித்தான் பலரும் போகிறார்கள். அது நட்டு வளர்த்த காடு. 1920களில் அங்கே கிடந்தது ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட நிலமும் காய்கறித் தோட்டங்களும்தான். 1926இல் பாக்ஸ்வொர்த்தி என்ற வனவியலாளர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1929இல் வன ஆராய்ச்சி நிலையம் உருவானது. ஈயக்காரர்கள் விட்டுப்போன மண்ணில் மரம் மரமாக நட்டார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்ததும் இதற்காகத்தான்.

நூறு வயது நிறையும் இந்தக் காட்டில் ஒரு மரத்தின் சரக்கு மட்டும் தமிழர்களுக்கு ஆயிரம் வருடப் பழக்கம்.

போன மாதம் அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே நடக்கப் போயிருந்தேன். அப்பா தோட்டத்தில் பிறந்தவர். அவருக்குக் காடு என்றால் பால்மரக்காடுதான். மரங்கள் நிரை பிடித்து நிற்கணும். "என்னா இது, ஒன்னு குட்டை, ஒன்னு நெட்டை" என்று முனகிக்கொண்டே வந்தார். காப்பூர் மரங்களுக்குக் கீழே வந்ததும் மகள் அண்ணாந்து பார்த்தாள். கிளைகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்க, நடுவில் வானம் ஒடிந்த கோடுகளாகத் தெரிந்தது. அந்தப் படம் உங்கள் கைப்பேசியிலும் எப்போதாவது வந்திருக்கும்.

"காப்பூரா? வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்புல்ல அது?" என்றார் அப்பா. மலாயில் அதற்கும் அதே சொல்தான். கீழே கிடந்த ஓர் இலையைக் கசக்கி அவரிடம் நீட்டினேன். முகர்ந்துவிட்டுச் சற்று நின்றார்.

"பெருமாள் கோயில் தீர்த்தம்."

சரியாகச் சொன்னார். தட்டில் கொளுத்துகிற வில்லைக் கற்பூரம் இன்று பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வது. சீனாவிலும் ஜப்பானிலும் வளரும் கற்பூர மரமோ லவங்கப்பட்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய வணிகர்கள் கடல் தாண்டித் தேடிவந்தது இந்தக் காப்பூர் மரத்தின் வயிற்றில் உறையும் பச்சைக் கற்பூரத்தை. சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் அதற்குப் பேர்போன துறைமுகம். அங்கே கிடைப்பதைப் பொன்னுக்குச் சமமாக நிறுத்து விற்கிறார்கள் என்று மார்கோ போலோ எழுதியிருக்கிறார்.

பாருஸ் அருகே லோபு துவாவில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. ராஜேந்திர சோழனின் படையெடுப்புக்கு 63 ஆண்டுகள் பிந்தியது. கல்லை நட்டவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். ஊரின் பெயரை வாரோசு என்கிறார்கள். மரக்கலத் தலைவன் முதலானவர்கள் கஸ்தூரியின் விலையைக் கணக்கிட்டு அதற்கேற்பப் பொன் செலுத்தின பிறகே உள்ளே வரலாம் என்று விதிக்கிறார்கள். கடாரம் கொண்டான் என்றதும் நெஞ்சு நிமிர்த்துகிற நமக்கு இது கொஞ்சம் சப்பென்று இருக்கலாம். எனக்கு இந்தக் கல்தான் பிடிக்கும், இதில் ஒரு துறைமுகத்தின் காலை நேரம் தெரிகிறது. ஆனால் வாசிக்கக் கிடைக்கும் வரிகளில் கற்பூரம் என்ற சொல்லே இல்லை. மரத்தைப் பற்றியும் ஒரு சொல் கிடையாது.

யாராவது நம்மை வந்தேறி என்றால் இந்த 1088ஐ எடுத்து நீட்டுகிறோம். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் அந்தக் கல் சொல்வது, நாம் வாங்க வந்தோம் என்றுதான். கதையைக் கேட்டுவிட்டு மகள் கேட்டாள்: "அப்போ மரத்த வெட்டுனது யாரு, தாத்தா ஆளுங்களா?"

இல்லை. பாருஸுக்குப் பின்னாலிருந்த மலைக்காடுகளில் பத்தாக் மக்கள். நம் பக்கம், ஜொகூர்க் காடுகளில், ஜக்குன் ஓராங் அஸ்லிகள். எல்லாக் காப்பூர் மரத்திலும் கற்பூரம் இருக்காது. மரத்தைச் சாய்த்துப் பிளந்தால்தான் தெரியும், வெறும் மரமாகப் போவதே அதிகம். அதனால் அந்த வேலைக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. கற்பூரம் தேடிப் போகிறவர்கள் உப்பைப் பொடிக்கக் கூடாது, கல்லுப்பாகவே தின்ன வேண்டும். உப்பு பொடியானால் மரத்துக்குள் கற்பூரமும் பொடியாகவே கிடைக்குமாம். மரத்துக்கு ஒரு பெண் ஆவி உண்டு, பெயர் பீசான். ராத்திரியில் சில்வண்டு கத்தினால் அது அவள் குரல், பக்கத்தில் கற்பூரம் இருக்கிறது என்று அர்த்தம்.

காட்டுக்குள் அன்றாடப் பேச்சுக்கும் தடை. சோறு, நெருப்பு, கத்தி என்று ஒவ்வொன்றுக்கும் வேறு சொல் வைத்திருந்தார்கள். 'பந்தாங் காப்பூர்' என்று அந்த விலக்கு மொழிக்குப் பெயர். வழக்கமான பெயரைச் சொல்லிவிட்டால் கற்பூரம் கைக்கு வராது. 19ஆம் நூற்றாண்டில் அவர்களோடு பழகிய ஐரோப்பியப் பயணிகள் அந்தச் சொற்களில் கொஞ்சத்தை எழுதி வைத்தார்கள். இன்று அந்தப் பேச்சைத் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பது அவர்களுடைய குறிப்புகள்தான்.