புனலூர்த் தொங்குபாலம்

திருவிதாங்கூரை ஆயில்யம் திருநாள் ஆண்ட காலத்தில், 1871ஆம் ஆண்டு, கல்லடையாற்றின் குறுக்கே ஒரு தொங்குபாலம் அமைக்கும் வேலை தொடங்கிற்று. ஆல்பர்ட் ஹென்றி என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் வகுத்த அப்பாலம் 1877இல் முடிவுற்று, 1880இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆரியங்காவுக் கணவாய் வழியே செங்கோட்டைக்குச் செல்லும் பாதையில் இருப்பது புனலூர். தமிழ்ச் சீமைக்கும் திருவிதாங்கூருக்கும் இடையே நடந்த வாணிபத்திற்குத் தடையாய் நின்ற ஆற்றை இப்பாலம் வென்றது.

இலங்கையின் உக்குவளையிலிருந்து சென்ற நாம் அதனைக் கண்டோம். ஏறக்குறைய 400 அடி நீளமுள்ள அப்பாலம் இன்று நடந்து செல்வோர்க்கே உரியது. வண்டிகளுக்கு அருகிலேயே வேறு பாலம் உண்டு. காலடியில் இருப்பவை கம்பகம் என்னும் வைரமரப் பலகைகள். பலகைத் தளத்தின் பாரத்தை இரும்புத் தண்டுகள் ஏந்திச் சங்கிலிகளிடம் ஒப்புவிக்கின்றன. சங்கிலிகளோ கற்றூண்களின் மேலேறி, இரு கரையிலும் நிலத்தினுள் சென்று மறைகின்றன. தூண்களை எவரும் காண்பர். சங்கிலியின் இழுவையைத் தாங்கும் பிடிமானமோ மண்ணுக்குள் இருக்கின்றது.

புனலூரில் ஒரு கதை வழங்குகின்றது. புதிய பாலத்தில் ஏற மக்கள் அஞ்சினராம். ஹென்றி தம் குடும்பத்தாருடன் பாலத்தின் கீழே தோணியில் இருக்க, மேலே ஆறு யானைகளை நடத்திச் சென்றனராம். மெய்யாயினும் கற்பனையாயினும் கதை நன்றே. ஆனால், அதில் பொறியியலாளர் இருக்கின்றார்; யானைகளும் இருக்கின்றன. கல் சுமந்தவனும் சங்கிலி இழுத்தவனும் எங்கே?

இக்கேள்வி நம்மை நம் ஊருக்கே அழைத்து வருகின்றது. பாலவேலை முடிவுற்ற 1877ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. பசிக்குத் தப்பி ஆயிரமாயிரம் பேர் இலங்கைக் கோப்பித் தோட்டங்களை நாடினர். மன்னார்க் கரையில் இறங்கியோர் காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். காய்ச்சலும் வாந்திபேதியும் வழிநெடுகப் பலரை மாய்த்தன. கோப்பி மூட்டைகள் நோகாமல் துறைமுகம் சேர வேண்டுமென்ற அக்கறை ஆட்சியாளருக்கு இருந்தது. கண்டியிலிருந்து உக்குவளை வழியாக மாத்தளைக்கு இருப்புப்பாதை 1880இல் திறக்கப்பட்டது. புனலூர்ப் பாலம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்! இலங்கையின் வீதிகளையும் இருப்புப்பாதைகளையும் அமைத்ததில் தென்னிந்தியத் தொழிலாளரின் பங்கு பெரிது. ஆயினும், மலையகத்தில் அவர்களுடைய சந்ததியார் பெருந்தொகையினரின் குடியுரிமை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பறிபோயிற்று.

புனலூர்ப் பாலம் 1990இல் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாயிற்று. இரும்பையும் கல்லையும் பேணுவது நற்செயலே. அவற்றைத் தூக்கி நிறுத்திய மனிதரின் வரலாற்றைப் பேணுவதும் அதனோடு சேர்ந்த கடமையாகும். தோட்டத்து லயங்களில் முதியோர் சொல்லும் நடைப்பயணக் கதைகளை மாணவர்கள் கேட்டெழுதட்டும். எழுதப்படாதவை, சொல்வோரின் மூச்சோடு முடிந்துவிடும்.