கவணும் கணக்கும்

மாங்காய் மீது கல்லெறியாத சிறுவர் நம்முள் யார்? கையை விட்டு நீங்கிய கல் வளைந்து சென்று விழுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆனால் அது எவ்வாறு வளைகிறது என்பதைக் கணக்கிட்டுக் கூற அறிஞர்களுக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றையும், அதை வகுப்பில் கற்பிக்கப் புகுந்த நான் கற்றுக்கொண்ட பாடத்தையும் இன்று கூற விரும்புகிறேன்.

கி.மு. 399ஆம் ஆண்டையொட்டிச் சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகரில், டயோனிசியஸ் என்ற மன்னன் கைவினைஞர் பலரைத் திரட்டிப் போர்க்கருவிகள் செய்வித்தான். கவண்பொறியின் கதையை அங்கிருந்து தொடங்குவது வழக்கம். எறிய வேண்டிய கல்லின் எடைக்கேற்பப் பொறியின் முறுக்குக் கயிறு எவ்வளவு பருமனாக இருத்தல் வேண்டும் என்பதற்கும் பின்வந்த கிரேக்கப் பொறியாளர் விதி வகுத்தனர். ஆயினும் பொறியை விட்டு நீங்கிய கல்லின் பாதை யாது என்பதற்கு அவர்களிடம் விதி இல்லை.

கையை விட்டகன்ற கல்லைச் சூழ்ந்துள்ள காற்றே தள்ளிச் செல்கிறது என்றார் அரிஸ்டாட்டில். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோபோனஸ் அதனை மறுத்தார். பீரங்கிகள் தோன்றிய பின்னர் இக்கேள்வி மேலும் வலுப்பெற்றது. இத்தாலியக் கணித அறிஞர் தார்தாலியா 1537இல் வெளியிட்ட நூலில், குண்டு முதலில் நேர்கோட்டிலும், பின்னர் வட்ட வில்லிலும், இறுதியில் செங்குத்தாகவும் செல்வதாக வரைந்து காட்டினார். 1546இல் மற்றொரு நூலில், அப்பாதையில் எப்பகுதியும் முற்றிலும் நேரானதன்று என்று தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார்.

முடிவான விடை கலிலியோவினுடையது. எறிந்த பொருளின் இயக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, மாறாத வேகத்தில் கிடைமட்டமாகச் செல்வது. மற்றொன்று, கீழ்நோக்கி வரவர விரைந்து விழுவது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. இரண்டும் சேர்ந்து வரைவதே பரவளைவு என்னும் கோடு. 1638இல், கண்பார்வை இழந்த முதுமையில், ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் அச்சான நூலில் இதனை அவர் நிறுவினார். ஒரே வேகத்தில் எறிந்தால் 45 பாகைக் கோணமே மிகுந்த தொலைவு தரும். அதற்கு மேலும் கீழும் சமமாக விலகிய கோணங்கள், அதாவது 30 பாகையும் 60 பாகையும், ஒரே தொலைவு தரும் என்பதும் அந்நூலில் உண்டு.

இந்த முடிவைத்தான் என் மாணவர் கண்ணால் காணவேண்டுமென விரும்பினேன். நீளப் பள்ளம் வெட்டிய சிறு பலகை, அதன் முனையில் இரண்டு ஆணிகள், அவற்றில் கட்டிய ரப்பர் பட்டை, ஒரு கோலிக்குண்டு: இவையே எங்கள் கவண்பொறி. முக்காலியின் மேல் பொறியை வைத்து, மணல் பரப்பிய தரையில் குண்டை விழச்செய்து, ஆறு குழுவினர் அளந்தனர். ஐந்து குழுவினரின் ஏடுகளில் இரு தொலைவுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆறாவது குழுவின் ஏட்டில் மட்டும் 30 பாகைக்கு 343 சென்டிமீட்டர், 60 பாகைக்கு 307 சென்டிமீட்டர் என்றிருந்தது. "கவனமாக அளக்கவில்லை போலும்; மீண்டும் செய்யுங்கள்" என்றேன். அக்குழுவின் மாணவி, "மூன்று முறை அளந்தோம், ஐயா" என்று தாழ்ந்த குரலில் கூறினாள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அன்றிரவு கலிலியோவைப் பற்றிய நூலொன்றைப் புரட்டினேன். புளோரன்ஸ் நகரின் தேசிய மத்திய நூலகத்தில் அவருடைய கையெழுத்துத் தாள் ஒன்று உள்ளது. அது 1608ஆம் ஆண்டினது என்று கருதி, ஸ்டில்மன் டிரேக் என்ற அறிஞர் 1973இல் அதனை வெளியிட்டு விளக்கினார். சாய்தளத்தில் வெவ்வேறு உயரங்களிலிருந்து உருண்டு வந்த குண்டு, மேசை விளிம்பைக் கடந்து தரையில் விழுந்த தொலைவுகள் அதில் உள்ளன. அவற்றின் அலகு ஒரு மில்லிமீட்டரினும் சற்றுச் சிறியது. கணக்குப்படி 1131 வரவேண்டிய இடத்தில் 1172 வந்திருக்கிறது. 1306க்கு 1328, 1460க்கு 1500. கலிலியோ எதையும் அழிக்கவில்லை. வரவேண்டிய எண்ணையும் வந்த எண்ணையும் எழுதி, வேறுபாடு 41, 22, 40 என்று குறித்து வைத்தார்.

என் உள்ளம் நாணியது. கலிலியோ மறைக்காத வேறுபாட்டை என் மாணவர் மறைத்திருந்தனர். மறைக்காதவர்களை நான் கண்டித்திருந்தேன்.

மறுநாள் வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொண்டு, "இந்த 36 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். அந்த மாணவியே எழுந்தாள். "குண்டு புறப்படும் இடமும் விழும் இடமும் ஒரே மட்டத்தில் இல்லையே, ஐயா!" என்றாள். உண்மைதான். பலகையின் முனை தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. சமதளத்துக்குரிய விதியை அங்கே பொருத்தியது என் பிழை. மணலில் குழி தோண்டி, பலகையின் முனை தரைமட்டத்தில் அமையுமாறு வைத்து எறிந்தோம். 298, 291 என்று வந்தன. எஞ்சிய ஏழு சென்டிமீட்டருக்கும் காரணம் தேடினோம். செங்குத்தாக நிமிர்ந்த பலகையில் குண்டு மேலேறும்போதே புவியீர்ப்பு அதன் வேகத்தைச் சற்றுக் கூடுதலாகக் குறைத்துவிடுகிறது என்று கண்டோம். அன்று ஆறு குழுவினரும் தாம் அளந்ததையே எழுதினர்.

மாணவ நண்பர்களே! உங்கள் ஏட்டில் கணக்குக்கு ஒவ்வாத எண் ஒன்று வருமாயின், ரப்பரைத் தேடாதீர்கள். அதன் அருகே வேறுபாட்டை எழுதிவையுங்கள். ஆசிரியர் காணத் தவறியது ஒருவேளை அங்கே இருக்கலாம்.