வானெட்டா: ஒரு பனிநாட்டுப் பழத்தின் வரலாறு



கொடைக்கானலிலும் நீலகிரியிலும் கோடைக் காலத்தில் கூடை கூடையாக விற்கப்படும் பிளம் பழத்தை நீங்கள் அறிவீர்கள். மளிகைக் கடைகளில் ஆல்பக்கோடா என்ற பெயரில் கிடைக்கும் உலர்ந்த பழமும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்தக் குடும்பத்தில், நம் நாட்டிற்கு மிகத் தொலைவில், கடுங்குளிரின் நடுவே பிறந்த ஒரு பழத்தின் கதையை இன்று சொல்லப்போகிறேன். அப்பழத்தின் பெயர் வானெட்டா. பிறந்த ஊர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தெற்கு டக்கோட்டா மாநிலத்திலுள்ள புரூக்கிங்ஸ்.

முதலில் அந்நிலத்தின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். பல ஆண்டுகள் பள்ளியில் பூகோளமும் சரித்திரமும் கற்பித்தவன் நான். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்ல எனக்கு வராது. நம் நாட்டிற்கு வடக்கே இமயமலை நின்று குளிர்காற்றைத் தடுக்கிறது. டக்கோட்டாச் சமவெளிக்கு அத்தகைய காவல் இல்லை. வடதுருவப் பக்கமிருந்து புறப்படும் காற்று தடையின்றி வந்து இறங்குகிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 30 டிகிரி சென்டிகிரேடுக்கும் இறங்குவது உண்டு. மண் சில அடி ஆழம்வரை உறைந்து கல்லாகிவிடும். கோடையிலோ நம் ஊர்களைப் போலவே வெயில் காயும். இவ்விரண்டையும் தாங்கும் பழமரங்கள் மிகச் சில.

அச்சிலவற்றுள் ஒன்று அம்மண்ணுக்கே உரிய காட்டுப் பிளம். ஆற்றங்கரைகளிலும் ஓடைகளின் ஓரங்களிலும் வேரிலிருந்து கன்றுகளை விட்டுப் புதராகப் படர்வது அது. பழம் சிறியது, ஓர் அங்குல அளவே இருக்கும். தோல் தடித்துப் புளிக்கும். உள்ளே சதை இனிக்கும். அங்கு வாழ்ந்த டக்கோட்டா மக்களும் அவர்தம் அண்டை இனத்தாரும் இப்பழத்தைப் பறித்துத் தின்றனர். உலர்த்திக் குளிர்காலத்திற்கென்று சேமித்தும் வைத்தனர். அதன் கொட்டைகளில் குறியிட்டு, நாம் சோழிகளை உருட்டுவதுபோல் உருட்டி விளையாடினர்.

இனி 1862ஆம் ஆண்டிற்கு வருவோம். அந்த ஓராண்டில் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகள் நம் கதையைத் தாங்கி நிற்கின்றன. முதலாவது, குடியேறிப் பயிரிட முன்வருவோருக்கு 160 ஏக்கர் நிலம் வழங்கும் சட்டம். இரண்டாவது, அரசு நிலத்தின் வருவாயைக் கொண்டு மாநிலந்தோறும் விவசாயக் கல்லூரி நிறுவ வழிசெய்த சட்டம். மூன்றாவது, போர். உடன்படிக்கைகளின்படி தங்கள் நிலங்களில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்ட டக்கோட்டா மக்களுக்கு, அதற்கு ஈடாகத் தரவேண்டிய பணம் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. பசி மிகுந்தது, மின்னசோட்டாவில் சண்டை மூண்டது. இரு தரப்பிலுமாகப் பல நூறு உயிர்கள் மாண்டன. முடிவில், 1862 டிசம்பர் 26ஆம் நாள், மன்கேட்டோ என்னும் ஊரில் டக்கோட்டா ஆடவர் 38 பேர் ஒரே வேளையில் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டே அம்மக்கள் மின்னசோட்டாவினின்று வெளியேற்றப்பட்டனர். அவர்கள் பழம் பறித்த ஓடைக்கரைகள் பிறர் கைக்கு மாறின.

புதிதாக வந்த குடியேறிகள் தங்கள் ஐரோப்பியப் பழமரங்களை ஆசையோடு கொண்டுவந்து நட்டனர். கிழக்குக் கடற்கரையில் செழித்த அம்மரங்கள் இங்கே கருகின. 1884-85ஆம் ஆண்டின் குளிர்காலம் அயோவா, மின்னசோட்டா முதலிய மாநிலங்களில் தோட்டம் தோட்டமாக மரங்களைக் கொன்றது. காட்டுப் பிளமோ பிழைத்து நின்றது. ஆகவே விவசாயிகள் புதர்களில் நல்ல பழம் தரும் செடிகளைத் தேடிப் பிடித்து, பெயரிட்டு, ஒட்டுக்கட்டிப் பெருக்கத் தொடங்கினர். மிசிசிப்பி நதிக்கரையில் கண்டெடுக்கப்பட்ட டி சோட்டோ என்னும் வகை அவ்வாறு புகழ்பெற்றது.

இந்நிலையில் ஒரு மனிதர் வருகிறார். நீல்ஸ் ஹான்சன் 1866இல் டென்மார்க் நாட்டில் பிறந்தவர். ஏழாம் வயதில் பெற்றோருடன் அமெரிக்காவிற்கு வந்தவர். அயோவா விவசாயக் கல்லூரியில், பேராசிரியர் பட் என்பவரிடம் தோட்டக்கலை பயின்றார். குளிரைத் தாங்கும் பழங்களைத் தேடி 1882இல் ருஷ்யாவிற்குச் சென்று வந்தவர் அந்த ஆசிரியர். மாணவரும் அதே வழியில் நடந்தார். 1895இல் புரூக்கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியரானார். 1897இல் அரசின் சார்பில் ருஷ்யாவிற்கும் சைபீரியாவிற்கும் பயணம் புறப்பட்டு, பனியைத் தாங்கும் விதைகளைக் கொண்டுவந்தார்.

பிளம் விஷயத்தில் ஹான்சன் எடுத்த முடிவு எளியது. காட்டுப் பிளத்திற்கு வலிமை உண்டு, அளவு இல்லை. ஜப்பானியப் பிளத்திற்கு அளவு உண்டு, வலிமை இல்லை. பின்னதைக் கலிபோர்னியாவில் லூதர் பர்பாங்க் என்பவர் 1885இல் வரவழைத்துப் பரப்பியிருந்தார். இவ்விரண்டையும் மணம் முடித்துவைத்தால் என்ன? ஜப்பானிய மரம் வெளியே நின்றால் மடிந்துவிடும். ஆகவே அதைக் கண்ணாடிக் கூடத்திற்குள் தொட்டியில் வளர்த்து மகரந்தச் சேர்க்கை செய்தனர். இவை இரண்டிலும் குரோமோசோம்கள் 16 என்ற கணக்கில் ஒத்திருப்பதால் கலப்பு எளிதாகக் கைகூடியது. ஐரோப்பியப் பிளத்திலோ அவை 48. அதனோடு இவை இணங்குவது அரிது.

ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, பெரும்பாலானவற்றைக் கழித்து, தேறிய ஒன்றை 1913இல் வெளியிட்டார். அதுவே வானெட்டா. ஏறக்குறைய இரண்டு அங்குல விட்டம், செந்நிறத் தோல், மஞ்சள் நிற இனிய சதை. அத்தனைக்கும் மேலாக, டக்கோட்டாக் குளிரில் நின்று காய்க்கும் உறுதி.

ஹான்சன் தம் பழங்கள் பலவற்றுக்கு டக்கோட்டா மொழியிலிருந்தே பெயர் எடுத்தார். கறுத்த சதையுள்ள ஒன்றுக்குச் சாப்பா. அச்சொல்லுக்குக் கறுப்பு என்றே பொருள். மற்றொன்றுக்கு ஹான்ஸ்கா, உயரம் என்று பொருள். வானெட்டா என்னும் பெயரோ, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதே சமவெளியில் வாழ்ந்த ஒரு யாங்டனாய்த் தலைவருக்கும் உரியதாக இருந்தது. நிலத்தை இழந்தவர்களின் மொழி அந்நிலத்துப் பழத்தின்மேல் நின்றது. அதைப் பெருமை என்பதா, பரிகாரம் என்பதா? இழந்த நிலத்திற்கு ஒரு பெயர் ஈடாகாது. ஆயினும், அப்பெயரை உச்சரிப்பவர் ஒருவராவது இது யாருடைய சொல் என்று கேட்கக்கூடும் அல்லவா?

இன்னும் ஒரு செய்தி கேளுங்கள். வானெட்டா தனித்து நின்றால் சரிவரக் காய்ப்பதில்லை. அதன் பூவிற்குப் பிற மரத்தின் மகரந்தம் வேண்டும். கலப்பினங்கள் பலவற்றின் மகரந்தம் அவ்வளவு பயன்படுவதில்லை. எனவே தோட்டக்காரர்கள் பக்கத்தில் ஒரு காட்டுப் பிளத்தை நடச் சொல்கிறார்கள். ஒட்டுக்கட்டுவதற்குரிய அடிமரமும் பெரும்பாலும் காட்டுப் பிளத்தின் நாற்றே. உடலில் பாதி காட்டிலிருந்து வந்தது, வேரும் காட்டினுடையது, காய்ப்பதற்கும் காட்டின் துணை தேவை. புதிய பழம் வந்துவிட்டதென்று பழைய புதரை வெட்டி எறிந்தவன், சில ஆண்டுகளில் தன் தோட்டத்தில் பூவை மட்டுமே கண்டிருப்பான்.

ஹான்சன் 1950இல் மறைந்தார். ரயிலிலும் லாரியிலும் கலிபோர்னியப் பழம் நாடெங்கும் வந்து இறங்கவே, வீட்டுத் தோட்டத்துப் பிளம் சந்தையில் இடம் இழந்தது. ஆயினும் வானெட்டா அடியோடு அழியவில்லை. சில நாற்றுப் பண்ணைகளிலும் பழைய தோட்டங்களிலும் இன்றும் நிற்கிறது. ஆனால் அதன் ஆயுள் மனிதர் கையில் இருக்கிறது. விதை போட்டால் வானெட்டா முளைக்காது; வேறேதோ ஒன்று முளைக்கும். நம் ஒட்டுமாங்கன்றைப் போல, ஒரு மரத்தின் குச்சியை மற்றொன்றில் கட்டியே அதைத் தொடர முடியும். 1913இல் வெளிவந்த அந்த ஒரே மரந்தான் கைமாறிக் கைமாறி இன்றுவரை வந்திருக்கிறது. ஒரு தலைமுறை குச்சி வெட்ட மறந்தால் கதை முடிந்தது.

காட்டுப் பிளம் அப்படியன்று. அதை யாரும் காப்பாற்றவில்லை. தானே வேர்விட்டு, தானே கன்றீன்று, அதே ஓடைக்கரையில் ஆண்டுதோறும் காய்க்கிறது. தெற்கு டக்கோட்டாவில் டக்கோட்டா மக்களும் இன்றும் வாழ்கிறார்கள். கோடை முடியும் வேளையில் அப்பழத்தைப் பறிக்கும் வழக்கமும் நின்றுவிடவில்லை.