யாழ்ப்பாணக் குடாநாட்டில் திரைப்பட வசூலும் ஒளிநாடாவும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு திரைப்படம் வெற்றி பெற்றது என்பதனை நாடுகள் வெவ்வேறு அளவுகோல்களைக் கொண்டு கணிக்கின்றன. அமெரிக்காவில் அது டொலர்க் கணக்காகும். 1975ஆம் ஆண்டில் 'ஜாஸ்' என்னும் படம் நானூறுக்கு மேற்பட்ட அரங்குகளில் ஒரே நாளில் திரையிடப்பட்டதன் பின்னர், முதல் வாரத்து வசூலே ஒரு படத்தின் தலைவிதியை நிர்ணயிக்கும் வழக்கம் அங்கு வேரூன்றியது. தமிழ்த் திரையுலகின் கணக்கோ நீண்டகாலமாக நாட்கணக்காகவே இருந்து வந்தது. 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பதே அதன் புகழாயிற்று. நூறு நாள், வெள்ளிவிழா என்னும் சொற்கள் வெற்றியின் மறுபெயர்களாயின. யாழ்ப்பாணக் குடாநாடும் இவ்வளவுகோலையே ஏற்றுக்கொண்டது. ஓடிய நாள்களின் தொகை சுவரொட்டிகளிலும் நாளிதழ் விளம்பரங்களிலும் பெரிய எழுத்துகளில் இடம்பெற்றது. இரசிகர்கள் அதனை மனப்பாடம் செய்து வைத்திருந்தனர்.

இத்தொகை உண்மையில் எதனை அளந்தது என்பது ஆராயத்தக்கது. மக்களின் விருப்பத்தை அளந்தது என்பது பொதுவான விடை. குடாநாட்டின் திரைப்பட வரலாற்றைக் காலவரன்முறையில் நோக்குமிடத்து, அவ்விடை பாதி உண்மையே என்பது புலனாகும்.

இலங்கையில் திரைப்பட வணிகம் ஆரம்பத்தில் ஒருசில தனியார் நிறுவனங்களின் கைகளிலேயே இருந்தது. சிற்றம்பலம் ஏ. கார்டினர் 1928இல் தொடக்கிய சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனமும், கே. குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிட்டெட் நிறுவனமும் அவற்றுள் முதன்மையானவை. இவை படங்களை இறக்குமதி செய்து, தம் சொந்த அரங்குகளிலும் தம்மோடு இணைந்த அரங்குகளிலும் காட்டின. முதலாவது சிங்களப் படமான 'கடவுனு பொறொந்துவ' 1947இல் வெளிவந்தபோது அதுவும் தென்னிந்தியக் கலையகத்திலேயே உருவாகியிருந்தது. அந்த அளவுக்கு இலங்கையின் திரைத்தொழில் தென்னிந்தியாவைச் சார்ந்திருந்தது. யாழ்நகரில் ரீகல், வின்ஸர், வெலிங்டன், மனோகரா, ராணி, ராஜா, லிடோ, ஸ்ரீதர் முதலிய மாளிகைகள் எழுந்தன. நகருக்கு வெளியே நெல்லியடி, சுன்னாகம், சாவகச்சேரி முதலிய இடங்களிலும் அரங்குகள் அமைந்தன.

இவ்வரங்குகளின் சமூகப் பொருள் அவற்றின் வசூலினும் பெரிது. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தமது ஆய்வில் இதனைச் சுட்டிக்காட்டியுள்ளார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலை நிகழ்ச்சியொன்றைக் கண்ட முதலாவது இடம் திரையரங்கே என்பதும், அங்கு இருக்கையை நிர்ணயித்தது பிறப்பன்று, வாங்கும் வலுவே என்பதும் அவர் கருத்தாகும். கோயில் நுழைவுக்கும் தேநீர்க்கடை நுழைவுக்கும் 1960களின் பிற்பகுதியிலும் போராட்டங்கள் நிகழ்ந்த குடாநாட்டில் இக்கருத்து சிறப்பாகப் பொருந்தும். கலரிக்கும் பல்கனிக்கும் இடையே வேறுபாடு இருந்தது. ஆயின் அது நுழைவுச்சீட்டின் விலையால் வந்த வேறுபாடு. விளக்கு அணைந்தபின் அருகில் இருப்பவர் யார் என்று கேட்பதற்கு அரங்கில் இடமிருக்கவில்லை.

நாட்கணக்குகள் உச்சத்தை அடைந்தது 1970களிலாகும். இதன் காரணத்தை நடிகர்களின் புகழில் மாத்திரம் தேடுதல் பொருந்தாது. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு அந்நியச் செலாவணி நெருக்கடியை எதிர்கொண்டது. இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியோடு திரைப்பட இறக்குமதியும் கட்டுப்பாட்டுக்குள்ளாயிற்று. 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. உள்நாட்டுத் திரைத்தொழிலை வளர்ப்பது அதன் நோக்கம். விளைவாகத் தமிழகத்தில் வெளிவந்த படங்களுள் ஒரு பகுதியே இலங்கைக்கு வந்தது; வந்தவையும் காலந்தாழ்த்தி, குறைந்த பிரதிகளுடன் வந்தன.

பிரதிகளின் குறைவு நாள்களின் பெருக்கத்துக்கு வழிகோலியது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஐந்நூறு இருக்கைகள் கொண்ட அரங்கொன்றில் நாளொன்றுக்கு மூன்று காட்சிகள் எனக் கொண்டால், நூறு நாள்களில் முந்நூறு காட்சிகள், ஒன்றரை இலட்சம் இருக்கைகள் ஆகின்றன. நானூறு அரங்குகளில் ஒரே நேரத்தில் வெளியாகும் படம், அரங்குகளின் அளவும் காட்சிகளும் இவ்வாறே இருப்பின், ஒரே நாளில் ஆறு இலட்சம் இருக்கைகளைத் தந்துவிடும். முதலாவது படத்துக்கு நூறு நாள் பெருமை. இரண்டாவதற்கு அது தேவையே இல்லை. குடாநாட்டில் ஒரு படத்தின் பிரதி ஓர் அரங்கிலேயே தங்கியிருந்தது. அதனைக் காண்பதற்குத் தீவுப்பகுதியிலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் மக்கள் பேருந்தேறி யாழ்நகர் வந்தனர். அடுத்த புதிய படம் எப்போது வருமென்று அறியாத நிலையில், ஒரே படத்தைப் பலமுறை பார்த்தவர்களும் பலர். பழைய படங்களும் மீண்டும் மீண்டும் திரையிடப்பட்டன. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் கே. எஸ். ராஜா போன்ற அறிவிப்பாளர்கள் நடத்திய திரைவிளம்பர நிகழ்ச்சிகள் காத்திருப்பை ஆவலாக மாற்றின. ஆகவே ஓடிய நாள்களின் தொகை விருப்பத்தையும் பற்றாக்குறையையும் ஒருங்கே அளந்தது. வாயில் எவ்வளவுக்கு அடைபட்டிருந்ததோ அவ்வளவுக்கு நாள்கள் நீண்டன.

இதே காலத்து உள்நாட்டுத் தமிழ்ப் படங்களின் நிலை இதனை மறுபுறமிருந்து தெளிவுபடுத்துகின்றது. காவலூர் இராசதுரை எழுத, தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' 1977இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்திலேயே எடுக்கப்பட்டு, அம்மண்ணின் சாதியையும் சீதனத்தையும் பேசிய அப்படம் வசூலில் தோல்வியுற்றது. 1978இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 'வாடைக்காற்று' வந்தது. அதே ஆண்டில் இந்திய-இலங்கைக் கூட்டுத் தயாரிப்பாக வந்து, இலங்கை முழுவதும் பெருவெற்றி பெற்றது சிவாஜி கணேசனும் மாலினி பொன்சேகாவும் நடித்த 'பைலட் பிரேம்நாத்'. இறக்குமதிக் கட்டுப்பாடு சிங்களத் திரைக்கு ஓரளவு இடந்தந்தது. ஈழத்துத் தமிழ்த் திரைக்கோ அவ்விடம் கிட்டவில்லை. கட்டுப்பாடு இரசனையை மாற்றவில்லை. கிடைத்த சில தென்னிந்தியப் படங்களின் மதிப்பை மேலும் உயர்த்தியது.

1977இன் பின்னர் நிலைமை விரைவாக மாறலாயிற்று. திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதிப் பொருள்களுக்கு வழிவிட்டது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பியோர் தொலைக்காட்சிப் பெட்டியோடு 'டெக்' எனப் பெயர்பெற்ற ஒளிநாடாக் கருவியையும் கொண்டுவந்தனர். 1976இல் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். முறையின் மூன்று மணிநேர நாடா ஒன்று முழுநீளத் தமிழ்ப் படத்தை அப்படியே கொண்டது. வீடியோக் கடைகள் பெருகின. நாடாவோடு கருவியையும் பெட்டியையும் சேர்த்து ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, விடியும்வரை மூன்று நான்கு படங்களைப் போடும் வழக்கம் ஏற்பட்டது. திருமணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா ஆகியவற்றின் பின்னிரவுகள் இவ்வாறு கழிந்தன.

அதே வேளையில் அரங்குகள் நலிவுற்றன. 1983 யூலை வன்செயலில் குணரத்தினத்தின் விஜயா கலையகம் எரியூட்டப்பட்டது. குடாநாட்டில் ஊரடங்கும் சுற்றிவளைப்புகளும் இரவுக்காட்சிகளை இல்லாமலாக்கின. மாலையானதும் வீட்டை விட்டு வெளியேற அஞ்சிய மக்களுக்கு ஒளிநாடா வெறும் வசதியன்று. எஞ்சியிருந்த ஒரே வழியாகும். அமெரிக்காவிலும் 1980களின் பிற்பகுதியில் ஒளிநாடா வருவாய் அரங்க வருவாயை விஞ்சியது. ஆயின் அங்கு அது தயாரிப்பாளரின் கணக்கில் வரவாகச் சேர்ந்தது. இங்கோ ஒரு நாடாவிலிருந்து இன்னொன்றும், அதிலிருந்து மற்றொன்றுமாகப் பிரதிகள் பெருகின. ஒவ்வொரு பிரதியிலும் படம் மங்கியது, கணக்கும் மறைந்தது. வாடகை கடைக்காரரின் கொப்பியோடு நின்றது. கேளிக்கை வரி அறவிட்ட உள்ளூராட்சி மன்றமோ, கூட்டுத்தாபனமோ, சென்னைத் தயாரிப்பாளரோ அதனை அறியவில்லை.

அரங்கு வீட்டுக்குள் வந்தபோது இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. அரங்கில் நுழைவுச்சீட்டு ஒருவருக்கு இருக்கை தந்தது. வீட்டில் அதனைத் தந்தவர் வீட்டுக்காரர். யார் விறாந்தையில் இருப்பது, யார் முற்றத்தில் பாய் விரிப்பது, யார் வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பது என்பவற்றை உறவும் அயலும் சாதியும் மீண்டும் தீர்மானித்தன. மறுபுறம், அரங்குக்குத் தனித்துச் செல்ல இயலாத பெண்கள் வீட்டில் தாம் விரும்பிய படத்தைக் காண வாய்ப்புப் பெற்றனர். ஒளிநாடாவின் வருகையை முன்னேற்றம் என்றோ வீழ்ச்சி என்றோ ஒரு சொல்லில் முடித்துவிட இயலாது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதோடு குடாநாட்டுக்கான மின்விநியோகம் அற்றுப்போயிற்று. எரிபொருள், மின்கலம் முதலியவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டது. மிதிவண்டியின் சில்லைச் சுழற்றி, அதன் டைனமோவால் வானொலி கேட்ட காலம் அது. அந்நிலையிலும் படம் பார்த்தல் நின்றுவிடவில்லை. சிறிய மின்பிறப்பாக்கிகள் மண்ணெண்ணெயில் இயக்கப்பட்டன. செலவைப் பலர் பங்கிட்டுக்கொள்ள, ஊரே ஒரு வீட்டில் கூடியது. விடுதலைப் புலிகளின் நிர்வாகம் தென்னிந்திய வணிகப் படங்களுக்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. தன் நிதர்சனம் பிரிவின் படைப்புகளை ஊர்தோறும் காட்டியது. இக்காலத்தில் ஒரு படத்தின் உண்மையான விலை மண்ணெண்ணெயின் விலையே எனலாம். தட்டுப்பாட்டில் வாங்கிய எண்ணெயை இரவு விளக்குக்கு வைக்காமல் ஒரு படத்துக்கு எரிப்பது என்பது எந்த நுழைவுச்சீட்டினும் பெரிய கட்டணம். அக்கட்டணம் எந்த வசூற்பட்டியலிலும் இடம்பெறவில்லை.

குடாநாட்டை விட்டுப் புலம்பெயர்ந்தோர் வழியாகக் கணக்கு வேறோர் இடத்தில் உயிர்பெற்றது. பாரிஸ், இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களின் தமிழ்க்கடைகளில் ஒளிநாடா வாடகை அன்றாட வணிகமாயிற்று. 1987இல் இலண்டனில் தோன்றிய ஐங்கரன் இன்ரர்நஷனல் நிறுவனம் ஒளிநாடா விநியோகத்திலிருந்து அரங்க வெளியீட்டுக்கும், பின்னர் தயாரிப்புக்கும் வளர்ந்தது. ஈழத்தவரான சுபாஸ்கரன் அல்லிராஜாவின் லைக்கா நிறுவனம் 2014இல் 'கத்தி' மூலம் தயாரிப்பில் இறங்கி, '2.0', 'பொன்னியின் செல்வன்' ஆகிய பெருஞ்செலவுப் படங்கள் வரை சென்றது. ஒருகாலத்தில் வெறும் நுகர்வோராகக் கருதப்பட்ட சமூகத்திலிருந்து, தென்னிந்தியப் பெரும்படங்களுக்கு முதலிடுவோர் தோன்றினர். எனினும் அம்முதல் ஈழத்துத் திரைக்கு வந்தது குறைவே. 'பொன்மணி'யின் காலத்துச் சிக்கல் தீரவில்லை. அதன் களம் மாத்திரம் மாறியது.

குடாநாட்டுக்குள் 1990களின் பிற்பகுதியிலிருந்து ஒளிநாடாவின் இடத்தைக் குறுவட்டு பிடித்தது. 2002இன் போர்நிறுத்தத்தை அடுத்து ஏ9 வீதி திறக்கப்பட்டபோது பொருள்களோடு வட்டுகளும் பெருகின. இலங்கையில் 2003இன் புலமைச்சொத்துச் சட்டமும், தமிழகத்தில் 2004இல் திருட்டு வட்டு விற்போர்மீது குண்டர் சட்டத்தை விரித்தமையும் இவ்வணிகத்தை முற்றாக நிறுத்திவிடவில்லை. பழைய அரங்குகள் பல மீளவில்லை; ஸ்ரீதர் அரங்கு அரசியற் கட்சியொன்றின் அலுவலகமாயிற்று. போர் முடிந்தபின் 2013இல் யாழ்நகரில் கார்கில்ஸ் சதுக்கம் திறக்கப்பட, பல திரைகள் கொண்ட அரங்கு அங்கு அமைந்தது. தமிழகத்தில் வெளியாகும் நாளிலேயே பெரும்படங்கள் யாழ்ப்பாணத்திலும் வெளியாகும் நிலை வந்தது. வாயில் திறந்ததும் நாள்கள் சுருங்கின. நூறு நாள் ஓடும் படம் இல்லாமற்போனமைக்கு இரசனை குன்றியதே காரணம் என முதியோர் சிலர் கூறுவர். பிரதிகளும் வழிகளும் பெருகினமையே முதற்காரணம் என்பது மேற்கூறியவற்றால் தெளிவாகும்.

இவ்வரலாற்றை எழுதுவதற்கான சான்றுகள் சிதறிக்கிடக்கின்றன. அரங்கு விளம்பரங்களை நாள்தோறும் தாங்கிவந்த 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகம் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்ட அதே நாள்களில் எரிந்தது. நூலகத்தோடு பழைய இதழ்த் தொகுதிகளும் அழிந்தன. எஞ்சியவை கொழும்புப் பத்திரிகைகளின் தொகுதிகளும், தனியார் வீடுகளில் உள்ள துண்டுப் பிரசுரங்களும், வீடியோக் கடை நடத்தியோரின் நினைவுகளுமே. வசூற்பட்டியல் என்பது வெறும் வணிகக் குறிப்பு எனக் கருதி இவற்றைப் புறக்கணிப்பது பெரும் இழப்பாகும். ஒரு மக்கள் கூட்டம் எதற்காகக் காத்திருந்தது, எதற்காகத் தன் மண்ணெண்ணெயைச் செலவிட்டது, யாரோடு அமர்ந்திருந்தது என்பவற்றை அரசாங்க ஏடுகள் சொல்லமாட்டா. வீடியோக் கடைக்காரரின் பழைய கொப்பி ஒன்று அகப்படுமாயின், அது ஒரு கல்வெட்டைப் போலவே பேணப்படுதல் வேண்டும். இன்று முதுமை எய்தியுள்ள அத்தலைமுறையினரிடம் கேட்டறிந்து பதிவுசெய்யும் பணி பல்கலைக்கழக மாணவர் உடனடியாக மேற்கொள்ளத்தக்கதாகும்.