சந்தன மரம் யாருக்குச் சொந்தம்?

முதலாளித்துவமா, சமதர்மமா என்ற வழக்கை நாம் பெரும்பாலும் ஆலைகளையும் வங்கிகளையும் முன்வைத்தே பேசுகிறோம். மைசூர் நாட்டிலோ அவ்வழக்கு ஒரு மரத்தின் பேரில் இரண்டு நூற்றாண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. தாயகம் விட்டுப் பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் இல்லங்களில், குளியலறை மாடத்தில் இருக்கும் மைசூர் சாண்டல் சோப்புக் கட்டிக்குள் அவ்வழக்கின் மணம் இன்னும் இருக்கிறது.

1792ஆம் ஆண்டு வாக்கில் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்கே உரிய மரமென விதித்தார். ('அரச மரம்' என்று சுருக்கிச் சொன்னால் பிள்ளையார் அமர்ந்த வேறு மரம் நினைவுக்கு வந்துவிடும்!) திப்புவுக்குப் பின் அரியணை ஏறிய உடையார்கள் அந்த விதியைக் கைவிடவில்லை. குடியானவன் நிலத்தில் தானாக முளைத்த சந்தனமும் சர்க்காருடையதே. காட்டிலே வெட்டிய கட்டையைச் சர்க்கார் ஏலம் விடும். வியாபாரிகள் எடுத்துக் கப்பலேற்றுவர். பெரும்பகுதி ஜெர்மனிக்குப் போய்த் தைலமாகும். கட்டையை விற்றுவிட்டு, அதன் தைலத்தைப் பன்மடங்கு விலைக்கு உலகம் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது மைசூர்.

1914இல் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. ஏலம் எடுப்பாரின்றிக் கட்டை கிடங்கில் தேங்கிற்று. அப்போது திவானாக இருந்தவர் விசுவேசுவரய்யா. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். தனியார் எவரேனும் வந்து ஆலை வைப்பர் என்று காத்திராமல், அரசாங்கமே தைலம் வடிப்பது என முடிவாயிற்று.

இங்கே சென்னையின் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் 1898இல் அலுமினியப் பாத்திரத் தொழிலை அரசாங்கச் செலவில் தொடங்கி வைத்தார். குரோம் முறையில் தோல் பதனிடுவதையும் அவ்வாறே நடத்திக் காட்டினார். பயன் கண்டது. ஆயினும், அரசாங்கம் வியாபாரத்தில் இறங்குவதாவது என்று சென்னையிலிருந்த ஐரோப்பிய வர்த்தகர்கள் முறையிட்டனர். 1910இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு, அரசாங்கம் தொழில் நடத்துவது தகாது என்று லண்டனிலிருந்து எழுதிவிட்டார். தொழில் தனியார் பொறுப்பு என்னும் கொள்கை, அந்நியர் கையில், நம் நாட்டுத் தொழிலை முளையிலேயே நிறுத்தும் கோலாகப் பயன்பட்டது என்பதே நம் கருத்து. அதன்பின் சாட்டர்டன் மைசூருக்குச் சென்று தொழில் இலாகாவின் தலைவரானார். சென்னையில் மூடிய கதவு மைசூரில் திறந்தது.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சட்பரோ, வாட்சன் என்னும் இரு பேராசிரியர்கள் தைலம் வடிக்கும் முறையை ஆராய்ந்து வகுத்தனர். 1916இல் பெங்களூரிலும், 1917இல் மைசூரிலும் தைல ஆலைகள் எழுந்தன. தைலம் கிடைத்ததும் சோப்பு பிறந்தது. எஸ். ஜி. சாஸ்திரி இங்கிலாந்து சென்று சோப்புக் கலை பயின்று திரும்பி, சந்தனத் தைலம் சேர்ந்த சோப்பை உருவாக்கினார். அரசாங்கச் சோப்பு ஆலை பெங்களூரில் நடந்தது. 1980இல் அது கர்நாடக அரசின் கம்பெனியாயிற்று.

விசுவேசுவரய்யா சமதர்மி அல்லர். எனினும் 1955இல் நம் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை சமதர்மப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானித்தபோது, அரசாங்கம் முதலீடு செய்து தொழில் நடத்துவதில் மைசூருக்கு ஏறத்தாழ 40 ஆண்டுப் பழக்கம் இருந்தது.

சோப்பு வாங்க நாம் கொடுத்த காசு எங்கே போயிற்று? காட்டில் கட்டை வெட்டியவன் கூலிக்கும், ஆலைத் தொழிலாளியின் சம்பளத்துக்கும், சமஸ்தானத்தின் பொக்கிஷத்துக்கும் போயிற்று. சம்பளம் வாங்கியவன் கடைத்தெருவில் துணியும் அரிசியும் வாங்கினான். அக்காசு மறுபடியும் ஊருக்குள்ளேயே சுழன்றது. இதே சமஸ்தானத்தில், கோலாரில், நம் வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற ஆயிரமாயிரம் தமிழர் பூமிக்கடியில் தோண்டிய தங்கத்தை 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி நிர்வகித்தது. சமஸ்தானத்துக்கு உரிமைப் பங்கு கிடைத்தது. லாபமோ லண்டன் பங்குதாரருக்குப் போயிற்று. 1956இல் அச்சுரங்கம் அரசுடைமையாயிற்று. எனினும் ஆழம் கூடி, தங்கத்தின் செறிவு குறைந்து வந்த நிலையில், 2001இல் அது மூடப்பட்டது. உடைமை கை மாறுவதால் மட்டும் மண்ணில் பொன் விளைவதில்லை.

சந்தனத்திலும் அரசுடைமைக்கு மறுபக்கம் உண்டு. மரம் சர்க்காருடையது, காவல் மட்டும் குடியானவனுடையது. அவன் நிலத்து மரம் களவு போனால் பதில் சொல்ல வேண்டியவன் அவனே; வெட்டினால் அவனுக்குக் கிடைப்பது விலையில் ஒரு பகுதியே. சந்தனமோ பிற செடிகளின் வேரில் ஒட்டிச் சத்துறிஞ்சி வளர்வது; வயிரம் பாயப் பல ஆண்டுகளாகும். அத்தனை காலம் ஆபத்தைக் காத்துக்கொண்டிருக்க யார் இசைவர்? கன்று தலைகாட்டிய உடனே பிடுங்கி எறிந்தவர் பலர். ஒருபுறம் சோப்புக்கும் ஊதுவத்திக்கும் வாசனைத் திரவியத்துக்கும் நாம் செலவிட்ட பணம் மரத்தின் விலையை ஏற்றிக்கொண்டே போக, மறுபுறம் அதை வளர்ப்பவனுக்கு அந்த விலை எட்டவில்லை. இடைவெளியில் நுழைந்தவன் கள்ளன். மாதேசுவரன் மலையிலும் சத்தியமங்கலக் காட்டிலும் சந்தனக் கடத்தல் பெருகிய கொடுமையை, 2004இல் வீரப்பன் வீழும் வரை இரு மாநில மக்களும் கண்டார்கள். 1998இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இந்தியச் சந்தனத்தை அழிவு அபாயமுள்ள மரங்களின் பட்டியலில் சேர்த்தது.

2001இல் கர்நாடகமும், 2002இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின. நிலத்தில் வளரும் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தமாயிற்று. வெட்டவும் விற்கவும் மட்டும் கட்டுப்பாடுகள் நீடித்தன. இதற்குள் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் நம் சந்தனத்தையே தோட்டமாகப் பயிரிட்டு விட்டார்கள். நம் நாட்டில் திருத்தத்துக்குப் பின் நட்ட கன்றுகளில் முதலாவதானவை இப்போதுதான் வயிரம் பாய்ந்து வருகின்றன. அவற்றைச் சுற்றி வேலியும், வேலிக்குள் இரவுக் காவலும் போட்டிருக்கிறார்கள் குடியானவர்கள், இம்முறை தம் சொந்த மரத்துக்காக.