அழகுக்கலைஞர் காப்பீடு

அழகுக்கலைஞர் காப்பீடு (காப்புறுதி) என்பது மெழுகால் முடி அகற்றல், இமைச் சாயமிடல் முதலிய பணிகளால் வாடிக்கையாளருக்குக் காயமோ ஒவ்வாமையோ ஏற்பட்டு இழப்பீடு கோரப்படுமிடத்து, அத்தொகையையும் வழக்குச் செலவையும் ஏற்கும் காப்பீடு ஆகும். இக்கட்டுரை பிரித்தானிய நடைமுறையை விளக்குகின்றது.

வாடிக்கையாளர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தால் அது பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் அடங்கும். சூடான மெழுகு தோலைச் சுட்டால் அது சிகிச்சைப் பொறுப்புக் காப்பீட்டைச் சார்ந்தது. முன்னதை மட்டும் வைத்திருப்பவருக்குப் பின்னதில் பாதுகாப்பு இல்லை. புதிதாகத் தொழில் தொடங்குவோர் இதைக் கவனிப்பது நன்று. இவ்விரண்டும் பொதுவாகச் சட்டக் கட்டாயம் அல்ல. ஆனால் ஊழியர் ஒருவரை அமர்த்தினாலே, சில விலக்குகள் நீங்கலாக, 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குறைந்தது 50 இலட்சம் பவுண்டுக்குப் பணியளிப்போர் பொறுப்புக் காப்பீடு வேண்டும். இல்லாவிடில் நாளொன்றுக்கு 2,500 பவுண்டு வரை தண்டம் விதிக்கப்படலாம்.

சாயப் பணிகளுக்கு 24 முதல் 48 மணி நேரம் முன்னதாக, காதின் பின்புறம் சிறிது தடவி ஒவ்வாமைச் சோதனை செய்யுமாறு காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகக் கோருகின்றன. சோதனை செய்திருந்தாலும் பதிவேட்டில் குறிப்பு இல்லையெனில் கோரிக்கை மறுக்கப்படலாம். பயிற்சிச் சான்றிதழ் இல்லாத பணிகளுக்கும் இதே நிலையே.

இங்கிலாந்தில் உடற்காயத்துக்கு வழக்குத் தொடரப் பொதுவாக 3 ஆண்டுகள் அவகாசம் உண்டு. கோரிக்கை எழும் நாளில் நடப்பிலுள்ள காப்பீடே பொருந்தும் வகை ஒப்பந்தமாயின், தொழிலைக் கைவிட்ட பின்னரும் சில ஆண்டுகள் காப்பீட்டைத் தொடர வேண்டியிருக்கும்.