பங்களா முற்றத்துக் கேஸ் கிரில்: பற்றவைப்பவர் தெரிந்திருக்க வேண்டியவை

ஏப்ரல் சீசன் தொடங்கினால் நுவரெலியா பங்களா முற்றங்களில் இறைச்சி வாட்டும் புகை எழும்பும். போர் முடிந்து பாதைகள் திறந்த பிறகு யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பிலிருந்தும், கனடா, லண்டனிலிருந்தும் எங்கள் சனங்கள் குடும்பமாக வருகிறார்கள். அவர்களுக்காகக் கேஸ் கிரிலைப் பற்றவைப்பவர், அநேகமாக பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து வேலைக்கு வரும் ஒருவர்தான். நானும் அப்படிப் போனவன்.

ஒரு சீசன் தொடக்கத்தில், மாதக்கணக்கில் உறைபோட்டுக் கிடந்த கிரிலை என்னோடு வேலைசெய்த தம்பி பற்றவைத்தான். மூடியைத் திறக்கவில்லை. முதல்தடவை பற்றவில்லை. கேஸை மூடாமலே மறுபடி பட்டனை அழுத்தினான். 'பொம்' என்றொரு சத்தம். புருவம் கருகி, வலது கையில் இரண்டு கிழமை கட்டு. கழற்றிப் பார்த்தால் எரிகுழாய்க்குள் சிலந்திக்கூடு. மூடியைக் கண்ணாடிபோலத் துடைக்க எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். குழாயைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கையேடு ஆங்கிலத்தில், அலுமாரிக்குள் இருந்தது.

அதன்பின் நான் பழகிக்கொண்டவை இவை.

சமைத்த ஒவ்வொரு முறையும்

இறைச்சியை எடுத்தபின் மூடியைப் போட்டு, பத்து நிமிடம் கூடிய சூட்டில் எரியவிடுங்கள். ஒட்டியவை கருகி உதிரும். கேஸை மூடி, கம்பித்தட்டு இளஞ்சூடாக இருக்கும்போதே மரச்சுரண்டியால் சுரண்டி ஈரத்துணியால் துடையுங்கள். கம்பிப் பிரஷ் வேண்டாம். அதன் முள் கழன்று இறைச்சியில் ஒட்டித் தொண்டைக்குள் குத்திய சம்பவங்கள் உண்டு. துடைத்த தட்டில் கொஞ்சம் எண்ணெய் பூசினால் மலைநாட்டு ஈரத்துக்குத் துருப்பிடிக்காது.

அடியிலுள்ள கொழுப்புத் தட்டை, ஆறியதும் அன்றன்றே கொட்டிக் கழுவுங்கள். கொழுப்பில் தீ பிடித்தால் ஒருபோதும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கொதிக்கும் கொழுப்பு தீயோடு சிதறும். எட்டினால் கேஸை மூடி, மூடியைப் போட்டு விலகி நில்லுங்கள்.

சீசனுக்கு முன்

சிலிண்டரை மூடிக் கழற்றி வைத்துவிட்டு எரிகுழாய்களை வெளியே எடுங்கள். கேஸ் இந்தக் குழாயின் வாயில் காற்றோடு கலந்துதான் உள்ளே போகிறது. கூடு அடைத்தால் கேஸ் பின்பக்கமாக வழிந்து, குமிழ்ப் பக்கமே தீப்பிடிக்கும். போத்தல் கழுவும் நீளமான பிரஷை உள்ளே விட்டு இழுங்கள். துவாரங்களை மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள், பெரிதாக்க வேண்டாம். திரும்பப் பூட்டியபின் சுவாலை நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை, குழாயை மறுபடி பாருங்கள்.

அடுத்தது ஒழுக்குச் சோதனை. அடுப்புக் குமிழ்களை மூடி, சிலிண்டரைத் திறந்து, ரெகுலேட்டர், ஹோஸ், பூட்டுகள் எல்லாவற்றிலும் சவர்க்கார நுரை பூசுங்கள். குமிழி வந்தால் கேஸ் ஒழுகுகிறது, உடனே மூடுங்கள். 2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் கேஸ் வெடிப்புகள் அடுத்தடுத்துப் பதிவானபோது எங்கள் லயத்தில்கூட இந்தச் சோதனையைச் செய்தோம். இப்போது மறந்துவிட்டோம். வெடித்த, காய்ந்த ஹோஸை ஒட்டிப் பாவிக்காமல் மாற்றுங்கள்.

பற்றவைக்கும்போது

மூடி எப்போதும் திறந்திருக்க வேண்டும். இந்தக் கேஸ் காற்றைவிடப் பாரமானது, மேலே போகாமல் அடியில் தேங்கும். ஐந்து விநாடிக்குள் பற்றாவிட்டால் குமிழை மூடி, ஐந்து நிமிடம் பொறுத்துப் பிறகு பாருங்கள். தம்பி தவறவிட்டது இந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

குளிரில்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் தேயிலையில் உறைபனி படியும் நாட்களும் உண்டு. சிலிண்டரிலுள்ள புரொப்பேன் மைனஸ் 42 பாகையிலேயே ஆவியாகும். பியூட்டேனுக்கோ கிட்டத்தட்ட 0 பாகை வேண்டும். அதனால் பியூட்டேன் கூடிய சிலிண்டர் குளிரில் சோர்ந்து எரியும். அதற்காகக் கொதிநீர் ஊற்றுவதோ நெருப்புக் காட்டுவதோ ஆபத்து. வெயில் ஏறும்வரை பொறுங்கள். சிலிண்டரைச் சாய்த்தோ படுக்கவைத்தோ பாவிக்க வேண்டாம்.

குளிருக்கு இதமாக இருக்குமென்று விருந்தினர் கிரிலை வராந்தாவுக்கோ அறைக்கோ கொண்டுவரச் சொன்னால், பணிவாக மறுத்துவிடுங்கள். மூடிய இடத்தில் காபனோரொட்சைட்டு சேரும். அதற்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுக்கும்.

கனடாவில் வீட்டுப் பின்வளவில் கிரில் வைத்திருப்போருக்கும் இதே கதைதான். பனிக்காலம் முழுக்க மூடிக்கிடந்ததை முதல்நாள் பற்றவைக்கும் முன் குழாயைக் கழற்றிப் பாருங்கள்.

பங்களா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. நான் இந்த விடயங்களை ஒரு தாளில் தமிழில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டினேன். அதற்கு ஒரு செலவுமில்லை. கிரில் வாங்கும் அன்றே, அதைப் பற்றவைக்கப் போகிறவரைக் கூப்பிட்டு அவருடைய மொழியில் சொல்லிக்கொடுங்கள். தீ முதலில் எட்டுவது அவருடைய கையைத்தான்.